குடியிருப்புச் சங்கமும் யந்திர அறிவும்

தில்லி மாநகருக்கு உத்தியோகத்தின் பொருட்டு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் முன்னாளில் அரசாங்கக் குடியிருப்புகளிலும், கரோல்பாக் போன்ற பகுதிகளின் வாடகை மாடிகளிலும் வாழ்ந்து வந்தன. குழாயில் நீர் வராவிட்டாலும், மாடிப்படி விளக்கு எரியாவிட்டாலும் முறையிடுவதற்கு ஓர் அலுவலகம் இருந்தது. இன்றேல் வீட்டுக்காரர் இருந்தார். பின்னர்க் கூட்டுறவு முறையில் நிலம் பெற்றுப் பலர் ஒன்றுகூடி எழுப்பிய அடுக்கு வீடுகள் மயூர் விகார், பட்பர்கஞ்ச், ரோகிணி, துவாரகா முதலிய இடங்களில் பெருகின. அங்கே குடியேறிய நம்மவர் ஒரு புதிய நிலைமையைக் கண்டனர். குறையைச் சொல்ல வேண்டிய இடம் சங்கம். அந்தச் சங்கமோ தாமே.

இத்தகைய கூட்டுறவு வீட்டுச் சங்கங்களைத் தில்லியில் 2003ஆம் ஆண்டின் தில்லி கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் ஆள்கிறது. தனி வீடுகள் நிறைந்த பகுதிகளிலுள்ள குடியிருப்போர் நலச் சங்கங்கள் பெரும்பாலும் 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவானவை. மும்பையில் வாழும் நேயர்கள் 1960ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தை அறிந்திருப்பர். பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் வாழ்வோர் 1972ஆம் ஆண்டில் அவ்வம் மாநிலங்கள் இயற்றிய அடுக்கக உடைமைச் சட்டங்களைக் கேள்விப்பட்டிருப்பர். சட்டத்தின் பெயர் எதுவாயினும் சங்கத்தின் வேலை ஒன்றே. பராமரிப்புக் கட்டணம் வசூலிக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியையும் மின்தூக்கியையும் பேண வேண்டும். வாயிலில் காவல் வைக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கை செய்வித்துப் பொதுக்குழுவின் முன்பு வைக்க வேண்டும். இவற்றையெல்லாம் செய்பவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத உறுப்பினர்களே. பகலில் அலுவலகம் சென்று இரவில் ரசீதுகளை எண்ணும் செயலாளர்களையும், ஓய்வு பெற்ற பின் சங்கத்துக்கே உழைக்கும் பெரியவர்களையும் நாம் யாவரும் அறிவோம்.

இவ்வாறு களைத்துப் போன கைகளுக்கு உதவியாகவே செயற்கை நுண்ணறிவு என்னும் யந்திர அறிவு சங்கங்களின் அலுவலறைக்குள் நுழைந்திருக்கிறது. அறிவிப்புகளை எழுதித் தருகிறது. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுகிறது. கூட்டத்தில் பேசப்பட்டதைக் கேட்டுக் குறிப்பாகச் சுருக்குகிறது. உறுப்பினரின் புகார்களை வகைப்படுத்துகிறது. வாயிலில் வருவோரின் முகத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கிறது. இதை வேண்டுமென்றோ வேண்டாமென்றோ ஒரே சொல்லில் முடிவு கட்டுவது அறிவுடைமை ஆகாது. எந்த வேலைக்கு இதை நம்பலாம், எந்த வேலையில் நம்பலாகாது, நம்பியதனால் தவறு நேர்ந்தால் யார் பதில் சொல்வது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். நான் வாழும் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. பிள்ளைகளோடு வாழ ஊரிலிருந்து வந்த முதியோர் சிலருக்கு இந்தி தெரியாது. அவர்களிடம் அன்பு கொண்ட எங்கள் சங்கச் செயலாளர், கைப்பேசியில் அனுப்பும் இந்தி அறிவிப்புகளை யந்திரத்தைக் கொண்டு தமிழாக்கி உடன் அனுப்பத் தொடங்கினார். நல்லெண்ணத்தோடு செய்த காரியம். நாங்கள் அனைவரும் அதைப் பாராட்டினோம். ஒரு நாள் மாலை, மேல்தொட்டியின் குழாய்களை மாற்றுவதைப் பற்றிய அறிவிப்பு வந்தது. இந்தியில் அதன் வாசகம், ‘கல் ஸே தோ தின் பானீ பந்த்’ என்பது. நாளை முதல் இரண்டு நாள் தண்ணீர் இராது என்பது அதன் பொருள். யந்திரமோ, ‘நேற்று முதல் இரண்டு நாட்கள் தண்ணீர் நிறுத்தம்’ என்று தமிழில் எழுதிவிட்டது.

இந்தி அறிந்தவர்களுக்குக் காரணம் உடனே விளங்கும். அம்மொழியில் ‘கல்’ என்ற ஒரே சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். வாக்கியத்தின் வினைச்சொல்லே இன்னது என்று காட்டும். இந்த அறிவிப்பிலோ வினைச்சொல் இல்லை. எனினும் மனிதர் எவரும் இதில் மயங்கியிருக்க மாட்டார். தண்ணீர் நிற்கப் போவதை முன்னதாகத் தெரிவிப்பதற்கே அறிவிப்பு வருகிறது என்னும் உலக வழக்கு நமக்குத் தெரியும். யந்திரத்துக்கு மொட்டைமாடித் தொட்டியும் தெரியாது. குடத்தில் நீர் பிடித்து வைக்கும் வழக்கமும் தெரியாது. அதன்முன் இருந்தவை சில சொற்களே.

எட்டாவது மாடியில் ஒரு முதிய தம்பதியர் இருக்கின்றனர். கணவர் முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு படுக்கையில் இருந்த சமயம் அது. அம்மையார் தமிழ் வாசகத்தைப் படித்தார், குழாயைத் திறந்து பார்த்தார், நீர் வந்தது. நேற்றுத் தொடங்கிய வேலை விரைவில் முடிந்துவிட்டது போலும் என்று எண்ணி ஒரு குடம் நீர்கூடப் பிடித்து வைக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் வீட்டில் ஒரு சொட்டு நீர் இல்லை. நோயாளியை வைத்துக்கொண்டு அவர் பட்ட சிரமம் கொஞ்சமன்று. செய்தி அறிந்து நாங்கள் வாளிகளோடு சென்றபோது அவர் சொன்ன வார்த்தை இன்னும் என் செவியில் ஒலிக்கிறது: “தம்பி, இந்தியில் மட்டும் வந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பேன். தமிழில் இருந்ததால் நம்பிவிட்டேன்.”

நான் மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். ஒரு சொல்லை மாற்றி எழுதினால் என்ன நேரும் என்ற அச்சத்தோடு இருபது ஆண்டுகளாகக் காகிதத்தின் முன் அமர்பவன். ஆயினும் அந்த அறிவிப்பை அன்று மாலையே என் கைப்பேசியிலும் பார்த்தேன். இந்தி வாசகத்தைப் படித்ததோடு நிறுத்திக்கொண்டேன். தமிழை நான் படிக்கவில்லை. யந்திரத்தின் மீது மட்டும் பழி போட எனக்கு வாயில்லை. அந்த வாசகத்துக்குக் கீழே எவருடைய பெயரும் இல்லை. ஆகவே அதைச் சரிபார்ப்பது தம் கடமையென எவரும் எண்ணவில்லை.

யந்திரம் ஏன் இவ்வாறு தவறுகிறது என்பதைச் சற்று விளக்குவது நலம். இவ்வகை யந்திரங்கள் கோடிக்கணக்கான பக்கங்கள் கொண்ட எழுத்தைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்னும் பழக்கத்தைக் கற்றவை. நாம் ஒன்றைக் கேட்டால், அந்தப் பழக்கத்தின்படி பொருத்தமாகத் தோன்றும் சொற்களைக் கோத்துத் தருகின்றன. பெரும்பாலும் அவை சரியாகவே அமைகின்றன. ஆனால் வாக்கியத்தின் ஓட்டம் வேறு, செய்தியின் மெய்ம்மை வேறு. மனிதர் தமக்குத் தெரியாததைப் பேசும்போது குரல் தடுமாறும். அதைக் கொண்டு நாம் எச்சரிக்கை அடைகிறோம். யந்திரமோ தெரிந்ததையும் தெரியாததையும் பெரும்பாலும் ஒரே மிடுக்கோடு எழுதுகிறது. அதனால்தான் பிழை நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இதற்குத் தலைநகரிலேயே ஒரு சான்று உண்டு. 2025 செப்டம்பரில், வீடு வாங்கியோரின் நலச் சங்கம் ஒன்று தில்லி உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்திருந்த மனு விசாரணைக்கு வந்தது. அதில் மேற்கோளாகக் காட்டப்பட்டிருந்த தீர்ப்புகள் சில இல்லாதவை என்றும், யந்திர அறிவின் துணையால் புனையப்பட்டவை என்றும் எதிர்த்தரப்பினர் சுட்டிக்காட்டினர். ராஜ் நாராயண், இந்திரா நேரு காந்தி வழக்கின் தீர்ப்பிலிருந்து 73, 74ஆம் பத்திகள் மனுவில் எடுத்தாளப்பட்டிருந்தன. அத்தீர்ப்பில் இருப்பவையோ 27 பத்திகளே. நீதிமன்றம் இதைக் கண்டித்தது. மனு திரும்பப் பெறப்பட்டது. வீட்டுக்காகப் பணம் கட்டிக் காத்திருந்த குடும்பங்களின் குறை என்னவோ உண்மையானது. அந்த உண்மைக்கு ஆதாரமாகப் பொய்யான தாளைக் கொண்டு சென்றதால் அவர்களுடைய முறையீடே தளர்ந்தது. சங்கத்தின் துணைவிதிகளைப் பற்றியோ சட்டத்தைப் பற்றியோ யந்திரம் கூறுவதை, மூல நூலைத் திறந்து பார்க்காமல் எந்தச் சங்கமும் கடிதத்தில் எழுதலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

எழுத்தில் நேரும் பிழையைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். வாயிலில் நேரும் பிழையோ ஒருவருடைய அன்றைய கூலியையே பாதிக்கும். முகமறியும் யந்திரம் நம் முகத்தை ஓர் எண்வரிசையாக மாற்றி வைத்துக்கொள்கிறது. மறுநாள் வரும் முகத்தின் எண்வரிசையோடு அதை ஒப்பிட்டு, இரண்டும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று மதிப்பெண் இடுகிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் கதவு திறக்கும். அந்த அளவைத் தீர்மானிப்பவர் மனிதரே. அளவை உயர்த்தினால் உரியவரே வெளியில் நிற்க நேரும். தாழ்த்தினால் அயலார் உள்ளே நுழைய நேரும். இரண்டு பிழைகளையும் ஒருசேர முற்றும் ஒழித்த யந்திரம் இல்லை.

மேலும் இப்பிழை எல்லார் மீதும் சமமாக விழுவதில்லை. 2018ஆம் ஆண்டில் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், முகத்தைக் கொண்டு ஆணா பெண்ணா என்று கூறும் மூன்று வணிக அமைப்புகளைச் சோதித்தனர். வெளிர் நிற ஆண்களிடம் தவறு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்க, கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை சென்றது. 2019 டிசம்பரில் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 189 முகமறியும் முறைகளை ஆராய்ந்தது. அவற்றுள் பல, ஆசிய முகங்களையும் ஆப்பிரிக்க அமெரிக்கர் முகங்களையும் வேறொருவருடையவையென மயங்கும் தவறு, வெள்ளையர் முகங்களில் நேர்வதைவிட 10 முதல் 100 மடங்கு வரை மிகுந்திருந்ததைக் கண்டது. மிகத் துல்லியமான சில முறைகளில் இவ்வேறுபாடு குறைவாக இருந்ததையும் அந்நிறுவனமே கூறியது. ஆதலால் ஒரு யந்திரத்தை வாங்கும் சங்கம் அதன் விலையைக் கேட்பதோடு நிற்கக் கூடாது. நம் நாட்டு முகங்களை, வெயிலிலும் பனிமூட்டத்திலும், முக்காடிட்ட நிலையிலும் சோதித்துப் பார்த்தீர்களா என்றும் கேட்க வேண்டும்.

வாயிலில் தடுக்கப்படுபவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டு உரிமையாளர் தடுக்கப்பட்டால் காவலாளி எழுந்து நின்று கதவைத் திறப்பார். காலை ஏழு மணிக்கு நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்க வரும் பெண்ணை யந்திரம் அறியாவிட்டால் அவர் நின்றுகொண்டே இருப்பார். முதல் வீட்டுக்கு நேரமானால் நான்காவது வீட்டுக்கும் நேரமாகும், பேச்சும் கேட்க வேண்டும், கூலியும் குறையலாம். புகார் செய்யும் வசதியோ குடியிருப்போரின் கைப்பேசிச் செயலியில் மட்டுமே இருக்கிறது. சங்கக் கூட்டத்தில் அவருக்கு இடமுமில்லை, வாக்குமில்லை. நாமும் ஒரு காலத்தில் இந்த ஊரில் மொழி தெரியாமல் வாயிலில் நின்றவர்கள்தாம். நின்றவருக்காகப் பேசும் பொறுப்பு நமக்குச் சற்று அதிகமாகவே உண்டு.

இனி, சங்கம் சேர்த்து வைக்கும் தகவல்களைப் பற்றி. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எப்போது ஊருக்குப் போகிறார்கள், பிள்ளைகளின் பள்ளி வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, வாடகைக்காரரின் அடையாள அட்டை எண் என்ன, எந்த விருந்தினர் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குச் சென்றார் என்பனவெல்லாம் இன்று யந்திரத்தில் பதிவாகின்றன. முன்னாளில் காவலாளியின் நோட்டுப் புத்தகம் மழையில் நனைந்து மங்கிவிடும். இந்தப் பதிவுகளோ மங்குவதில்லை. ஒரு கணத்தில் வேற்றூருக்கும் வேற்று நாட்டுக்கும் செல்லக்கூடியவை.

அந்தரங்கம் ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் தீர்ப்பளித்தது. அதன் வழியில் 2023ஆம் ஆண்டில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டன. சட்டத்தின் முக்கியக் கடமைகள் அவ்வறிவிப்பிலிருந்து பதினெட்டு மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும்படி வகுக்கப்பட்டுள்ளன. தனி மனிதர் தம் வீட்டு உபயோகத்துக்காக வைத்திருக்கும் தகவலுக்கு இச்சட்டத்தில் விலக்கு உண்டு. பலர் கூடிய சங்கத்துக்கு அவ்விலக்கு இல்லை. எனவே சங்கங்கள் இப்போதே ஆயத்தமாவது நன்று.

அச்சட்டத்தில் நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டியவை நான்கு. முதலாவது, எதற்காகத் தகவல் பெறப்படுகிறதோ அதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். காரியம் முடிந்த பின் அழித்துவிட வேண்டும். வாயிற்காவலுக்காகப் பெற்ற படத்தை வேறு காரியத்துக்குத் திருப்பலாகாது. இரண்டாவது, ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்கு ஆதாரமாகும் தகவல் முழுமையாகவும் பிழையின்றியும் இருக்குமாறு பார்த்துக்கொள்வது தகவலைக் கையாள்வோரின் கடமை. மூன்றாவது, சங்கம் வேறொரு நிறுவனத்திடம் இவ்வேலையை ஒப்படைத்திருப்பினும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருப்பினும், பொறுப்பு சங்கத்துடையதே. நான்காவது நம்மைப் போன்று வேற்று மாநிலங்களில் வாழ்வோர்க்கு மிகவும் பயனுடையது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பை அளிக்க வேண்டும். தமிழ் அவ்வட்டவணையில் உள்ள மொழி. புரியாத தாளில் கையெழுத்திட வேண்டிய கட்டாயம் நம் வீட்டு முதியோருக்கு இல்லை.

கணக்கு விஷயத்தில் மற்றோர் எச்சரிக்கை உண்டு. பிரிட்டிஷ் அஞ்சல் நிறுவனம் 1999 முதல் ‘ஹொரைசன்’ என்ற கணினிக் கணக்கு முறையைத் தன் கிளைகளில் புகுத்தியது. அது செயற்கை நுண்ணறிவு அன்று. சாதாரணக் கணக்கு யந்திரமே. அதன் பிழையால் கையிருப்பில் பணம் குறைவதாகத் தோன்றியது. யந்திரம் தவறாது என்று நம்பிய அதிகாரிகள் கிளை அஞ்சல் அலுவலர்களைத் திருடர்களென்று கருதினர். 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். பலர் சிறை சென்றனர். யந்திரத்தில் பிழைகள் இருந்தமையை லண்டன் உயர் நீதிமன்றம் 2019இல் உறுதி செய்தது. அத்தண்டனைகளை நீக்க 2024இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நம் சங்கத்தில் பராமரிப்புக் கட்டணம் செலுத்தாதவர் பட்டியலை யந்திரம் தயாரித்து, அதை அனைவரும் காணும்படி வெளியிடும்போது, காசோலையாகக் கட்டிய ஒரு பெரியவரின் பெயர் அதில் சேர்ந்துவிட்டால் போன மானத்தை எந்தத் திருத்தம் மீட்டுத் தரும்? பட்டியலை யந்திரம் தயாரிக்கட்டும். உரியவரைத் தனியே கேட்டுச் சரிபார்த்த பின்னரே அது செயலாளரின் மேஜையைத் தாண்ட வேண்டும்.

“யந்திரம் சொல்லியது, நாங்கள் என்ன செய்வோம்?” என்ற பதில் செல்லுமா? கனடா நாட்டில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு தீர்ப்பாயம் உண்டு. அடுக்கு வீட்டுச் சங்கங்களின் தகராறுகளும் அதன் முன்பே வருகின்றன. ஏர் கனடா நிறுவனத்தின் உரையாடும் யந்திரம் கட்டணச் சலுகை பற்றிப் பயணி ஒருவருக்குத் தவறான தகவல் தந்தது. அந்த யந்திரம் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்ற வகையில் நிறுவனம் வாதிட்டது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அவ்வாதத்தை மறுத்து, நிறுவனமே இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தன் பெயரில் பேச ஒரு யந்திரத்தை அமர்த்தியவரே அதன் பேச்சுக்குப் பொறுப்பாளி என்னும் நியாயம் நம் சங்கங்களுக்கும் பொருந்தும்.

இது தமிழர்க்குப் புதிய நியாயமன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரியையும் தோட்டத்தையும் பொன்னையும் மேற்பார்க்கும் வாரியங்களுக்கு ஆள் தேரும் முறையை அவை விரிக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய உறவினரும் மீண்டும் குடவோலையில் பெயரெழுதப் பெறத் தகாதவர் என்று அக்கல்வெட்டு விதிக்கிறது. குடவோலையும் ஒரு வகையில் யந்திரம் போன்றதே. மனிதரின் விருப்பு வெறுப்புக்கு இடமின்றி முடிவைக் குடத்திடம் ஒப்படைப்பது. ஆனால் அதை அவர்கள் எவ்வாறு நடத்தினார்கள்? ஊரார் கூடிய சபையில், அனைவரும் காணக் குடத்தை எடுத்தனர். உள்ளே இருப்பதை அறியாத சிறுவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்தனர். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். உரக்கப் படிக்க வேண்டும். அவையிலுள்ள நம்பிமாரும் படிக்க வேண்டும். முடிவைக் குடம் தந்தது. அம்முடிவு நேர்மையாக எடுக்கப்பட்டது என்பதற்கு விரித்த உள்ளங்கை சாட்சியாயிற்று. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் நம் சங்கங்களுக்கு வேண்டுவதும் அவ்வுள்ளங்கையே.

அவ்வாறாயின் சங்கம் செய்யத்தக்கவை யாவை? யந்திரத்தை அமர்த்துவதற்கு முன் பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். எந்த யந்திரம், எந்த வேலைக்கு, எவ்வளவு செலவு, எந்தத் தகவலைத் தொடும், ஒப்பந்தம் முடிந்தால் நம் பதிவுகள் திரும்பக் கிடைக்குமா, தவறு நேர்ந்தால் எந்த உறுப்பினரிடம் முறையிடுவது என்பவை அத்தீர்மானத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை அதைத் திரும்பவும் ஆராய வேண்டும்.

யந்திரம் எழுதிய எந்த அறிவிப்பும் ஒரு மனிதர் படித்துத் தம் பெயரை இட்ட பின்னரே வெளியாக வேண்டும். மொழிபெயர்ப்பாயின் அந்த மொழியறிந்தவர் படிக்க வேண்டும். நாளையும் தேதியையும் எண்ணால் எழுதிவிட்டால் பாதிப் பிழை ஒழியும். ‘கல்’ என்பதற்குப் பதிலாகத் தேதியைப் போட்டிருந்தால் எட்டாவது மாடியில் அந்தத் துன்பமே நேர்ந்திராது.

அபராதம், நுழைவுத் தடை, நிலுவைப் பட்டியல் போன்று ஒருவருக்குத் தீங்கு விளைக்கக்கூடிய முடிவை யந்திரத்திடம் விடலாகாது. அது தகவல் தரலாம். பாதிக்கப்படுபவரைக் கேட்ட பின் நிர்வாகக் குழுவே முடிவு செய்ய வேண்டும். உறுப்பினரின் பெயர், தொலைபேசி எண், கணக்கு முதலியவற்றைப் பொதுமக்கள் அனைவரும் பயன்படுத்தும் யந்திரங்களில் இட்டு வினவுதல் கூடாது. கேள்வி கேட்க வேண்டுமாயின் பெயர்களை நீக்கிவிட்டுக் கேட்கலாம். கைப்பேசி இல்லாதவருக்கும், முகத்தை யந்திரம் அறியாதவருக்கும் வாயிலில் ஒரு நோட்டுப் புத்தகமும், காத்திருக்க வைக்காத ஒரு காவலாளியும் எப்போதும் இருக்க வேண்டும். வேலைக்கு வருவோர் புகார் சொல்ல ஒரு மனிதரின் பெயரும் எண்ணும் வாயிற்சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இத்தனை எச்சரிக்கையும் சொன்னதால் யந்திரத்தை விலக்கச் சொல்கிறேன் என்று கொள்ள வேண்டாம். தண்ணீர் மீட்டரின் அளவுகளை அதனிடம் கொடுத்தால், யாவரும் உறங்கும் நள்ளிரவிலும் எங்கே நீர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கண்டு, மறைந்த ஒழுக்கைக் காட்டித் தரும். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும் தில்லிவாசிகளுக்கு அதன் அருமை தெரியும். மின்தூக்கி அடிக்கடி நிற்பதன் காரணத்தை ஓராண்டுப் புகார்களிலிருந்து பிரித்தெடுக்கும். நீண்ட கூட்டக் குறிப்பைச் சுருக்கும். இந்திய மொழிகளிடையே மொழிபெயர்ப்பை எளிதாக்க நம் அரசாங்கமே 2022இல் ‘பாஷிணி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. என் தொழிலுக்கே அது போட்டியன்றோ என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஊரிலிருந்து வந்த ஒரு தாய் தன் மொழியில் அறிவிப்பைப் படிக்க வழி பிறக்குமானால் அதை நான் வரவேற்கவே செய்வேன். அவர் படிப்பது சரியா என்று பார்க்க ஒருவர் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எங்கள் சங்கத்தில் இப்போது இந்தி அறிவிப்பை யந்திரம் முன்போலவே தமிழாக்குகிறது. நான்கைந்து தமிழர் முறை வைத்துக்கொண்டு அதைப் படித்துத் திருத்துகிறோம். ஒருவருக்குச் சில நிமிஷங்களே ஆகின்றன. அறிவிப்பின் கீழே, ‘சரிபார்த்தவர்’ என்று அன்றைய முறைக்காரரின் பெயரும் வீட்டு எண்ணும் இருக்கும். எட்டாவது மாடி அம்மையாருக்கு ஐயம் தோன்றினால் இப்போது யாரைக் கேட்பது என்று தெரியும். சென்ற மாதம் என் முறையன்று அவர் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, தண்ணீர் வெள்ளிக்கிழமையா, சனிக்கிழமையா?” என்றார். தேதி சரியாக இருந்தது. கிழமையை நானே தவறாகப் படித்து விட்டுவிட்டிருந்தேன். உடனே திருத்தி, மீண்டும் என் பெயரை இட்டு அனுப்பினேன்.

நேயர்கள் தத்தம் ஊரில், தத்தம் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் எழுந்து நின்று, “இந்த யந்திரத்தின் வேலையைச் சரிபார்ப்பவர் யார்?” என்று ஒரு கேள்வியைக் கேட்பார்களாயின், இச்சிறு கட்டுரையின் பயன் நிறைவேறியதாகும்.